நகர சபையில் ஓராண்டு: ஒரு வடிகானும் மூன்று மின்விளக்குகளும்

எங்கள் ஊரின் பிரதான வீதியில் பிரதேச செயலகமும் நகர சபையும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் பிறப்புச் சான்றிதழ் எடுக்க வந்தவர் நகர சபையில் வரிசையில் நிற்பதும், குப்பை லொறி வரவில்லை என்று முறையிட வந்தவர் பிரதேச செயலகத்தில் காத்திருப்பதும் அன்றாடக் காட்சிகள். இரண்டும் அரசாங்கக் கந்தோர்கள்தானே என்பது பலருடைய எண்ணம். பிரதேச செயலகம் மத்திய அரசாங்கத்தின் நிருவாகக் கிளை. அங்கே உள்ளவர்கள் நியமிக்கப்பட்ட உத்தியோகத்தர்கள். அடையாள அட்டை, அஸ்வெசும, வாகன வருமான அனுமதிப்பத்திரம் போன்றவை அவர்களுடைய பொறுப்பு. நகர சபை அப்படியல்ல. அது நாம் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர்களின் மன்றம். வீதி விளக்கு, ஒழுங்கை, வடிகான், குப்பை, பொதுச் சந்தை, நூலகம், சிறுவர் பூங்கா, கட்டட வரைபட அனுமதி என்று, வீட்டு வாசலைத் தாண்டியதும் நம் கண்ணில் படுபவற்றில் பெரும்பாலானவை அதன் கையில் உள்ளன.

உயர்தரத்தில் நான் அரசறிவியல் கற்கிறேன். ஏதேனும் ஒரு பொது நிறுவனத்தை ஓராண்டு தொடர்ந்து அவதானித்து ஒப்படை எழுதுமாறு ஆசிரியை பணித்தபோது, தோழியர் சிலர் பாராளுமன்றத்தையும் தேர்தல் ஆணைக்குழுவையும் தெரிவு செய்தார்கள். நான் எங்கள் நகர சபையைத் தெரிவு செய்தேன். சபை அமர்வை மக்கள் பார்வையாளர் பகுதியில் அமர்ந்து பார்க்கலாம் என்பதும், அது எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரம் என்பதும் காரணங்கள். வாப்பா துணைக்கு வந்தார். முதல் நாள் அங்கே எங்களைத் தவிர வேறு பார்வையாளர் எவரும் இருக்கவில்லை.

இலங்கையில் இத்தகைய மன்றங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. கொழும்பிலும் கண்டியிலும் 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாநகர சபைகள் தோன்றின. இன்றுள்ள நகர சபைகள் 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படியும், பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படியும் இயங்குகின்றன. 2025 மே 6ஆம் திகதி நாடு முழுவதும் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. அவற்றுள் மாநகர சபைகள் 28, நகர சபைகள் 36, பிரதேச சபைகள் 275. பரீட்சைக்குத் தேவையானோர் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளலாம். இக்கட்டுரைக்கு அவற்றைவிட முக்கியமானது அத்தேர்தலுக்கு முந்திய இரண்டு ஆண்டுகள்.

அதற்கு முந்திய தேர்தல் 2018 பெப்ரவரி 10இல் நடந்தது. நான்காண்டுப் பதவிக்காலம் ஓராண்டு நீடிக்கப்பட்டு 2023 மார்ச் 19இல் முடிவடைந்தது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த புதிய தேர்தல் நிதி விடுவிக்கப்படாமையால் பிற்போடப்பட்டு, பின்னர் திகதியே இல்லாமற் போனது. இது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் எட்டு மாதங்களுக்கு மேல் கழிந்தே வாக்களிப்பு நடைபெற்றது. ஆக 2023 மார்ச் முதல் 2025 ஜூன் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நம் நாட்டின் ஏறத்தாழ எல்லா உள்ளூராட்சி மன்றங்களிலும் மக்கள் தெரிவு செய்த ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை.

அக்காலத்தில் ஊர் நின்றுவிட்டதா என்றால், இல்லை. குப்பை லொறி வந்தது. நூலகம் திறந்திருந்தது. செயலாளரும் ஊழியர்களும் வேலை செய்தார்கள். "உறுப்பினர்கள் இல்லாத காலத்தில்தான் சச்சரவு இல்லாமல் நிம்மதியாக இருந்தது" என்று சொல்கிற பெரியவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். சபை அமர்வில் நடக்கும் சில வாக்குவாதங்களைப் பார்த்தால் எங்கள் தரம் ஆறு வகுப்பு அமைதியானது என்றே தோன்றும். ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகளில் ஒன்று நடக்கவில்லை. ஒரு குறையைப் பெயர் சொல்லிச் சபையில் எழுப்பவும், அதைக் கூட்டறிக்கையில் பதியவைக்கவும், அடுத்த மாதம் "அது என்னவாயிற்று?" என்று கேட்கவும் யாரும் இருக்கவில்லை. எங்கள் ஒழுங்கையின் வடிகான் பற்றி உம்மா இரண்டு முறை கந்தோருக்குச் சென்று வாய்மூலம் சொல்லிவிட்டு வந்தார். "சரி, பார்க்கிறோம்" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். சொன்னவர் இடமாற்றம் பெற்றுப் போனபோது அந்தச் சொல்லும் அவருடன் போய்விட்டது.

2025 ஜூன் மாதம் புதிய சபைகள் கூடின. 60 வீத உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதத்தினர் விகிதாசார அடிப்படையிலும் தெரிவாகும் கலப்பு முறை என்பதால் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அத்தகைய இடங்களில் உள்ளூராட்சி ஆணையாளரின் தலைமையில் முதலாவது அமர்வு நடைபெற்று, உறுப்பினர்களின் வாக்கெடுப்பின் மூலம் தவிசாளர் தெரிவானார். வாக்கெடுப்பு பகிரங்கமாகவா இரகசியமாகவா என்பதற்கே முதலில் ஒரு வாக்கெடுப்பு. பத்திரிகைகள் இந்தப் பகுதியைத்தான் விரிவாக எழுதின. எனக்கோ அதற்குப் பிறகு வந்த மாதாந்த அமர்வுகள்தாம் சுவையாக இருந்தன.

மாதாந்த அமர்வுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மத அனுட்டானம், கடந்த அமர்வின் கூட்டறிக்கையை உறுதிப்படுத்தல், தவிசாளர் உரை, நிதி அறிக்கை, வந்த கடிதங்கள், பின்னர் உறுப்பினர்களின் பிரேரணைகள். பிரேரணை என்றால் ஓர் உறுப்பினர் எழுத்தில் முன்வைக்கும் யோசனை. இன்னோர் உறுப்பினர் அதனை ஆமோதிக்க வேண்டும். விவாதம் நடக்கும், தேவையானால் வாக்கெடுப்பு நடக்கும். "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்ற வாசகத்தைக் கேட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் வடிகானையே உதாரணமாக எடுக்கிறேன். கிழக்கின் கரையோர ஊர்கள் பலவற்றைப் போல எங்கள் ஊரும் கடலுக்கும் வாவிக்கும் இடையில் தட்டையாகக் கிடக்கிறது. மாரி மழையில் நீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்துக்கொண்டே நிற்கும். ஒழுங்கையின் ஒரு பக்கத்தில் உள்ள வடிகான் முந்நூறு அடி ஓடிவந்து, ஒரு மதிலுக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. பிரதான வீதி வடிகானுடன் அது இணைக்கப்படவே இல்லை. இணைக்க வேண்டும் என்ற பிரேரணை புதிய சபையின் மூன்றாவது அமர்வில் நிறைவேறியது. அதன் பின்னர் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்த்து அளந்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அந்த மதிப்பீட்டுக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பின் கீழ் பணம் இருக்க வேண்டும். பணம் இருந்தால் கேள்விமனுக் கோர வேண்டும், அல்லது சிறிய வேலையாயின் கிராம மட்டச் சங்கம் ஒன்றுக்கு ஒப்பந்தமாகக் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் மீண்டும் அளந்து பார்த்தே கொடுப்பனவு. இவற்றுள் எந்தக் கட்டத்திலும் கோப்பு உறங்கிப் போகலாம்.

எங்கள் கோப்பு உறங்கியது இரண்டாவது கட்டத்துக்கும் முன்னதாக. காரணம் எவருடைய சோம்பலும் அல்ல. பிரதான வீதி நகர சபையுடையது அல்ல என்பதே. இதை இங்கு சற்று விளக்க வேண்டும். இலங்கையில் ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. எஞ்சிய உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளும்தான் உள்ளூராட்சி மன்றத்துக்கு. நமது காலுக்கு எல்லாம் ஒரே தார்தான். ஆனால் சட்டத்தில் ஒரே சந்தியில் இரண்டு நிறுவனங்கள் நிற்கலாம். எங்கள் ஒழுங்கை நகர சபையுடையது, அது போய்ச் சேரும் வீதியும் அதன் வடிகானும் அதிகார சபையுடையவை. அந்த வடிகானில் துளையிட்டு இணைக்க அனுமதி கேட்டுக் கடிதம் போக வேண்டும். "நகர சபைக்காரர் ஒன்றும் செய்வதில்லை" என்று ஒழுங்கை முழுவதும் ஏசிக்கொண்டிருந்தபோது நகர சபை வேறொரு கந்தோரின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்தக் கடிதத்தை அனுப்பவே ஏழு வாரங்கள் எடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மின்விளக்குகளின் கதை இதைவிடச் சிறியது. கம்பம் மின்சார சபையுடையது. அதில் தொங்கும் விளக்கைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் நகர சபை. மேலதிக வகுப்பு முடிந்து மாணவிகள் இரவு ஏழு மணிக்குப் பின்னர் வரும் பாதையில் அடுத்தடுத்து மூன்று கம்பங்களில் விளக்கு எரியவில்லை. அந்த இருட்டைக் காரணம் காட்டி என்னுடன் படித்த ஒருத்தியின் மேலதிக வகுப்பை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பொருளியல் பாடத்துக்கு அவளுக்கு வேறு ஆசிரியர் இல்லை. ஒரு மின்குமிழ் ஒரு பிள்ளையின் பெறுபேற்றைத் தீர்மானிக்கும் என்று எந்தப் பாடநூலிலும் எழுதியிருக்காது. நாங்கள் பதினொரு பேர் கையொப்பமிட்டு ஒரு கடிதம் எழுதினோம். கம்பங்களில் வர்ணத்தால் எழுதப்பட்டிருந்த இலக்கங்களையும் அதில் குறிப்பிட்டோம். எங்கள் வட்டார உறுப்பினர் அதை அமர்வில் வாசித்தார். ஒன்பது நாட்களில் சபையின் மின்னியலாளர் ஏணியுடன் வந்து இரண்டு விளக்குகளை மாற்றிப் போனார். மூன்றாவதற்கு வயரே இல்லையாம்; அது மின்சார சபைக்குப் போக வேண்டிய விடயம். "கம்பத்து இலக்கம் எழுதி வந்த கடிதம் இதுதான் மகள் முதல் தடவை. மற்றவங்க எல்லாம் 'மம்மது காக்காட வீட்டடி' என்றுதான் எழுதுவாங்க" என்றார் அவர். எங்கள் ஊரில் மம்மது காக்காமார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். தோழி மறு வாரமே வகுப்புக்கு வந்துவிட்டாள்.

இனிப் பணம். சபைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறியாமல் அதன் முடிவுகளை விளங்கிக்கொள்ள முடியாது. முதலாவது, சோலை வரி எனப்படும் ஆதன வரி. வீடு, கடை, வளவு ஆகியவற்றின் வருடாந்தப் பெறுமதியை விலைமதிப்புத் திணைக்களம் கணிக்க, அதில் ஒரு வீதத்தைச் சபை அறவிடும். காலாண்டுக்கு ஒரு முறை செலுத்தலாம். முழு ஆண்டுக்குரியதையும் ஜனவரி 31க்கு முன் செலுத்தினால் 10 வீதக் கழிவு. அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் செலுத்தினால் 5 வீதக் கழிவு. இரண்டாவது, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணங்களும் சபைக் கடைகளின் வாடகையும். மூன்றாவது, ஆண்டுதோறும் குத்தகைக்கு விடப்படும் சந்தை, மீன் சந்தை, இறைச்சிக் கடைகள். காணி விற்கும்போது செலுத்தும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாண சபை வழியாக வந்து சேரும். நிரந்தர ஊழியர்களின் சம்பளத்தில் பெரும் பகுதியை அரசாங்கம் மீளளிக்கிறது.

எங்கள் ஊர்களில் மாட்டிறைச்சிக் கடைக் குத்தகை சிறிய விடயம் அல்ல. டிசெம்பர் மாதத்தில் கேள்விமனுப் பெட்டி திறக்கும் நாளில் நகர சபை வளவில் கூடும் கூட்டத்தை மாதாந்த அமர்வு நாளில் ஒருபோதும் காண முடியாது. கடையை உயர்ந்த விலைக்கு எடுத்தவர் அந்தப் பணத்தை இறைச்சியின் விலையிலிருந்துதான் மீட்க வேண்டும். எனவே சபையின் வருமானம் கூடும்போது எங்கள் சமையலறையில் கிலோ விலையும் கூடுகிறது. குத்தகைத் தொகையை உயர்த்தினால் நல்ல நிருவாகம் என்று பாராட்டுவோரும், இறைச்சி விலை கூடிவிட்டது என்று அதே சபையைக் குறை கூறுவோரும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தாம். அதிகபட்ச விற்பனை விலையை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று ஓர் உறுப்பினர் வாதிட்டார். எனக்கு அது சரியாகவே பட்டது. ஆனால் அவ்விலையைக் கடையில் யார் கண்காணிப்பது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. பிரேரணை பின்போடப்பட்டது.

சோலை வரியைப் பொறுத்தவரையில் நம் வீடுகளில் ஒரு மனப்பான்மை உண்டு. "என்ன செய்து தருகிறார்கள் என்று கட்ட வேண்டும்?" என்பதே அது. எங்கள் வாப்பாவும் அவ்வாறு சொல்பவர்தான். சபையின் நிதி அறிக்கையில் நிலுவை வரி என்ற வரியைக் கண்ட பின்னர் நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: கட்டாமல் இருந்தால் எதைக் கொண்டு செய்து தருவார்கள்? அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரி 28ஆம் திகதி கழிவுடன் கட்டிவிட்டு வந்து பற்றுச்சீட்டை என் மேசையில் வைத்தார். அவருடைய கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வரி கட்டியும் வடிகான் வராதபோது மனிதனுக்குக் கோபம் வரத்தானே செய்யும்.

குப்பையைப் பற்றி எழுதாமல் நகர சபையைப் பற்றி எழுத முடியாது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், கொழும்புக்கு அண்மையில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகள் புதையுண்டு 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் கொழும்புக் குப்பையைப் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டுக்குக் கொண்டு செல்லும் திட்டம் வந்தபோது புத்தளம் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். கிழக்கில் அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. நாம் வாசலில் வைக்கும் பை எங்கேயோ போய்விடுகிறது என்று எண்ணுகிறோம். அந்த "எங்கேயோ" என்ற இடத்திலும் ஓர் ஊர் இருக்கிறது.

எங்கள் சபை இவ்வாண்டில் எடுத்த முடிவுகளில் மக்களை மிகவும் எரிச்சலூட்டியது, தரம் பிரிக்காத குப்பையை ஏற்பதில்லை என்ற முடிவு. உக்கக்கூடியது ஒரு நாள், பிளாஸ்டிக்கும் கடதாசியும் இன்னொரு நாள். முதல் மாதம் சந்திகளெல்லாம் பைகளால் நிறைந்து நாய்களும் காகங்களும் இழுத்தன. முடிவைக் கைவிடுமாறு அமர்வில் கூச்சல். கைவிடாததற்குக் காரணம் ஒரு பெண் உறுப்பினர். குழந்தைகளின் பம்பர்ஸையும் அதுபோன்ற ஏனையவற்றையும் எந்த நாளில் எந்தப் பையில் போடுவது என்று அறிவித்தலில் ஒரு வார்த்தையும் இல்லை, அதனால்தான் பெண்கள் இரவில் கொண்டுபோய்ச் சந்தியில் வீசுகிறார்கள் என்று அவர் எழுந்து சொன்னார். மண்டபத்தில் சிலர் தலையைக் குனிந்தார்கள், ஒருவர் சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் அவற்றுக்கெனத் தனிப் பையும் தனி நாளும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டன. சந்தி மெல்ல மெல்லச் சுத்தமாகியது. வீட்டில் குப்பையைக் கையாளாத ஒருவருக்கு அந்தக் குறை எப்படித் தெரிந்திருக்கும்?

இங்கு பெண் உறுப்பினர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018க்கு முன்னர் நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் பெண்களாக இருக்கவில்லை. 25 வீத ஒதுக்கீடு சட்டமான பின்னர் 2018இல் அது 20 வீதத்தைத் தாண்டியது. முஸ்லிம் பெண்களுக்கு இது பொருந்தாத துறை என்று கருதுவோர் ஆயிஷா ரவூப் அவர்களின் வரலாற்றைப் படிக்கலாம். கேரளத்தில் பிறந்து, திருமணமாகி இலங்கைக்கு வந்து, கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபராகப் பணிபுரிந்த அவர், 1949இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகிப் பின்னர் பிரதி மேயராகவும் விளங்கினார். பெண் கல்விக்காக உழைத்த ஒருவர் நகர நிருவாகத்தையும் தேடிப் போனதில் ஆச்சரியமில்லை. பாதையில் விளக்கு இல்லாவிட்டால் மாணவி வகுப்புக்கு வரமாட்டாள் என்பதை ஓர் அதிபரைவிட நன்கு அறிந்தவர் யார்?

ஆண்டின் மிக முக்கியமான காலம் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை. சபையின் நிதியாண்டு ஜனவரி முதலாம் திகதி தொடங்குவதால் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதற்கு முன் தயாராக வேண்டும். வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். "பாதீடு பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது" என்ற அறிவித்தலை நூலகத்தின் விளம்பரப் பலகையில், வாடகைக்கு வீடு, காணாமற்போன பூனை ஆகியவற்றுக்கு நடுவில் கண்டேன். சென்று கேட்டபோது எழுதுவினைஞர் திகைத்துவிட்டார். ஆனாலும் இருக்கை தந்து, தடித்த கோவையை எடுத்துத் தந்தார். மூலதனச் செலவு என்ற பகுதியில் வட்டார வாரியாக வேலைகள் எழுதப்பட்டிருந்தன. எங்கள் வடிகான் அதில் இருக்கவில்லை. பிரேரணை நிறைவேறியிருந்தும் இல்லை. ஏனெனில் மதிப்பீடு இல்லை, மதிப்பீடு இல்லாத வேலைக்குத் தொகை போட முடியாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியது. 28ஆம் திகதி கரையைக் கடந்த அது மலைநாட்டில் மண்சரிவுகளையும் பல மாவட்டங்களில் பெருவெள்ளத்தையும் ஏற்படுத்தி நூற்றுக்கணக்கான உயிர்களைக் காவுகொண்டது. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. மற்றவர்களின் இழப்புடன் ஒப்பிட்டால் எங்கள் ஒழுங்கையின் துன்பம் சொல்லும்படியானது அல்ல. முழங்காலளவு தண்ணீர் ஐந்து நாட்கள் நின்றது, மூன்று வீடுகளில் மலசலகூடக் குழி நிரம்பியது, ராத்தாவின் கைக்குழந்தையைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். ஆனால் பிரதான வீதி வடிகானில் அப்போதும் நீர் ஓடிக்கொண்டிருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் தேங்கிய நீரும் அந்தப் பக்கம் ஓடிய நீரும் ஆறடி இடைவெளியில் இருந்தன.

அந்த வெள்ளத்தின் பின்னர் நடந்த வரவு செலவுத் திட்ட அமர்வுக்குப் பார்வையாளர் பகுதியில் இருக்கை போதவில்லை. எங்கள் ஒழுங்கையிலிருந்து மட்டும் பதினான்கு பேர், அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். வெள்ள நீர் வடிகால் வேலைகளுக்கென ஒரு பொதுத் தொகை ஒதுக்கப்பட்டு, மதிப்பீடு கிடைத்ததும் அதிலிருந்து வட்டாரங்களுக்குப் பகிரலாம் என்று திருத்தம் வந்தது. சிறுவர் பூங்காவுக்கான தொகையிலிருந்துதான் அந்தப் பணம் எடுக்கப்பட்டது. எங்கள் ஒழுங்கையினர் மகிழ்ந்தார்கள். பூங்காவுக்கு அருகில் குடியிருப்போர் அன்று வந்திருக்கவில்லை. வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமோ என்ற எண்ணம் எனக்கு இப்போதும் வருகிறது. திட்டம் இரண்டு வாக்குகள் வித்தியாசத்தில் நிறைவேறியது.

புத்தாண்டுக்குப் பின்னரான அமர்வுகளை விரைந்து கடந்துவிடலாம். நோன்பு மாதத்தில் வீதியோரக் கடைகளுக்கான தற்காலிக அனுமதியும் கட்டணமும், தராவீஹ் நேரத்தில் பள்ளிவாசல் வீதிகளில் விளக்கு, ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாக் கழிவுகளை அகற்றும் ஒழுங்கு ஆகியன ஒவ்வோர் ஆண்டும் வருவன. நூலகத்தை மாலை ஏழு மணி வரை திறந்து வைக்கும் பிரேரணை மட்டும் மூன்று அமர்வுகளில் வந்து மூன்றிலும் ஊழியர் பற்றாக்குறையால் பின்போடப்பட்டது. அடுத்த ஆண்டு பரீட்சை எழுதும் தங்கைமார் இதைக் கவனத்தில் வைத்திருப்பது நல்லது.

பெற்றோருக்கும் தோழியருக்கும் பயன்படக்கூடிய சில செய்முறைகளையும் சொல்லிவிடுகிறேன். முறைப்பாட்டை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். கந்தோரில் திகதி முத்திரை இட்ட பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். விளக்கு என்றால் கம்பத்தின் இலக்கம், வீதி என்றால் அதன் பெயரும் எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை என்பதும் வேண்டும். அடுத்த ஆண்டில் நடக்க வேண்டிய வேலையாயின் கடிதம் செப்டெம்பருக்கு முன் போய்ச் சேர வேண்டும். ஜனவரியில் எழுதினால் பன்னிரண்டு மாதம் காத்திருக்க நேரிடும். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். எங்கள் வடிகானின் அனுமதிக் கடிதம் எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது என்பதை உம்மா அறிந்தது இந்த வழியில்தான். அவருடைய பெயரில், அவருடைய கையெழுத்தில் ஓர் அரசாங்கக் கந்தோருக்குச் சென்ற முதல் விண்ணப்பம் அது. பதில் வந்த கடித உறையைக் குர்ஆன் வைக்கும் அலுமாரியின் கீழ்த்தட்டில், காணி உறுதியுடன் சேர்த்து வைத்திருக்கிறார்.

அதிகார சபையின் அனுமதி ஏப்ரலில் கிடைத்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் கடந்த மாதம் அளவுநாடாவுடன் வந்து, மதிலிலிருந்து பிரதான வீதி வரை அளந்து, உம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். மதிப்பீடு அடுத்த அமர்வின் நிகழ்ச்சி நிரலில் நான்காவது விடயமாக உள்ளது. வாவியில் நீர்மட்டம் உயர இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன.